கடையில் கேட்டுப் பார்க்க வழியில்லாதவர்கள் ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்குவது எப்படி?

நல்ல ஸ்பீக்கர் எது என்று யாரிடம் கேட்டாலும், "கடைக்குப் போய் உங்கள் காதால் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்" என்பார்கள். தர்மபுரியிலோ தென்காசியிலோ இருப்பவருக்கு இது எந்த விதத்திலும் உதவாது. நான்கைந்து ஜோடிகளை வரிசையாக வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டும் கடைகள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அங்கேயும் விலை கூடிய ஜோடிகளுக்குத்தான் அந்த மரியாதை. இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வாங்குபவர் பெரும்பாலும் பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் ஆன்லைனில்தான் ஆர்டர் போட வேண்டியிருக்கிறது.

இதில் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. கடையில் பத்து நிமிடம் கேட்டு எடுக்கும் முடிவு பலர் நினைக்கும் அளவுக்கு நம்பகமானது அல்ல. கடையின் அறை வேறு, உங்கள் வீட்டு அறை வேறு. இரண்டு ஜோடிகளில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், சத்தம் கூடியது என்று தோன்றாது, தரம் கூடியது என்றுதான் தோன்றும். கண்ணும் குறுக்கே வரும். 1994ல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் ஃபிளாய்ட் டூலும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள், பெரிதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்தவற்றுக்கு மதிப்பெண்களை அள்ளிக் கொடுத்தார்கள். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன.

டூல் அதற்கு முன்பு, 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் செய்த வேலைதான் நமக்கு முக்கியம். ஸ்பீக்கரைக் கண்ணில் காட்டாமல் கேட்க வைத்தால் பெரும்பாலோரின் தேர்வு ஒரே திசையில்தான் போகிறது என்று அவர் காட்டினார். எந்தச் சுருதியையும் தூக்காமல் தாழ்த்தாமல் சீராக ஒலிப்பது, பக்கவாட்டில் போகும் ஒலியிலும் அதே சீர் கெடாமல் இருப்பது, இந்த இரண்டும் உள்ள ஸ்பீக்கரையே மக்கள் விரும்பினார்கள். இரண்டையும் கருவி வைத்து அளக்க முடியும். அளந்ததை வரைபடமாகப் போட முடியும். அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வீட்டில் இருந்தபடியே உருப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலில் டேப்பை எடுத்து அறையை அளங்கள்

ஸ்பீக்கரைத் தேடும் முன் மூன்று அளவுகளை எழுதி வையுங்கள்: அறையின் நீள அகலம், நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்துக்கும் உள்ள தூரம், ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே விடமுடிகிற இடைவெளி.

மேஜைமேல் கம்ப்யூட்டருக்கு இரு பக்கமும் வைத்து மூன்றடி தூரத்தில் கேட்கப்போகிறீர்கள் என்றால் மூன்றரை, நான்கு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) போதும். கட்டிலிலோ சோபாவிலோ உட்கார்ந்து ஏழெட்டு அடியில் கேட்பவருக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் வேண்டும். அதற்கு மேல் பெரிதாகப் போனால் சாதாரண வீட்டு அறையில் தொந்தரவுதான். 10க்கு 12 அடி அறையில் 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸை (நொடிக்கு 47 அதிர்வு) ஒட்டியும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸை ஒட்டியும் ஒலி சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். நம் வீட்டுச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை வெளியே விடுவதில்லை. வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்களுக்குள் இருந்து எழுதுகிறார்கள். அங்கே பேஸ் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். அவர்கள் "பேஸ் போதவில்லை" என்று எழுதிய ஸ்பீக்கர் நம் அறையில் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

இதனால் முதல்முறை வாங்குபவர்கள் சப்வூஃபரை, அதாவது பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டியை, தள்ளிப் போடுங்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. நான்கு அங்குல ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஆனால் அதே கம்பியின் 82 ஹெர்ட்ஸ் மேல்சுரமும் அதற்கு மேலே உள்ளவையும் ஒழுங்காக வந்தால், விடுபட்ட அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. இளையராஜா பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனியாக நடந்துபோகும் பேஸ் வரிசையைப் பின்தொடர நடுத்தரமான ஐந்து அங்குல ஜோடியே போதும்.

ஆக்டிவா, பேஸிவா?

ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பேஸிவ் என்றால் தனி ஆம்ப்ளிஃபையரும் வயரும் வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஒழிய, முப்பதாயிரத்துக்குக் கீழே ஆக்டிவ் ஜோடியையே எடுங்கள் என்பேன். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தயாரித்தவரே தீர்மானித்துவிடுகிறார். நீங்கள் பொருத்தம் பார்க்க வேண்டிய வேலை ஒன்று குறைகிறது.

ஆக்டிவிலும் இரண்டு ஜாதி உண்டு. எடிஃபையர் ஆர்1280டி போன்றவை வீட்டுக்கென்று செய்தவை: நான்கு அங்குல வூஃபர், பக்கத்துக்கு 21 வாட், இரண்டு ஆக்ஸ் இணைப்பு, ரிமோட். விலை பத்தாயிரத்தை ஒட்டி வரும். ப்ளூடூத்தும் ஆப்டிக்கல் இணைப்பும் வேண்டுமென்றால் ஆர்1280டிபி. இன்னொரு ஜாதி, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த மானிட்டர்கள். ஜேபிஎல் 305பி மார்க் 2 அப்படிப்பட்டது: ஐந்து அங்குல வூஃபர், வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியாக 41 வாட். ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கவும், சுவரை ஒட்டி வைத்தால் பேஸைக் குறைக்கவும் முதுகில் சுவிட்ச்கள் இருக்கின்றன. ஒலித் தரத்தில் இதன் விலைக்கு இதை மிஞ்சுவது கடினம்.

ஆனால் மானிட்டர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. பல மானிட்டர்களின் விலை *ஒன்றுக்கு* மட்டுமே போடப்பட்டிருக்கும். பதினைந்தாயிரம் என்று பார்த்து ஆர்டர் போட்டால் ஒற்றை ஸ்பீக்கர் வந்து இறங்கும். ஜோடியா ஒற்றையா என்று விவரத்தில் தேடிப் பாருங்கள். இரண்டாவது, 305பியில் எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ் என்ற ஸ்டுடியோக் கருவிகளுக்கான இணைப்பு மட்டும்தான். ப்ளூடூத் கிடையாது, ரிமோட் கிடையாது, வால்யூம் திருகு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி. போன் அல்லது டிவியோடு இணைக்கச் சரியான கேபிளுக்கும், இரண்டுக்கும் பொதுவாக வால்யூம் வைக்க ஒரு சின்னக் கருவிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, இந்த வகை மானிட்டர்களில் பாட்டு இல்லாதபோது ட்வீட்டரிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் வரும். ஏழடியில் தெரியாது. மேஜைமேல் வைத்து இரவில் மெதுவாகக் கேட்பவருக்குத் தெரியும்.

இந்தியத் தயாரிப்பும் இருக்கிறது. கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் ஒலிக்கருவிகள் செய்துவருகிறது. அவர்களுடைய மானிட்டர்களையும் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். பழுதானால் உதிரிப் பாகம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது சிறிய விஷயம் அல்ல.

பேஸிவ் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் என்று பொருள். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஐந்தாறு டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதால் மூன்று கூடும். ஆக ஒரு வாட்டிலேயே 83, 84 டெசிபல் கிடைத்துவிடும். அது நன்றாகவே சத்தமான பாட்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும். 16 வாட்டில் 12 டெசிபல் கூடி 95ஐத் தொட்டுவிடுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் சத்தம் அது. ஆகவே உண்மையான 30, 40 வாட் ஆம்ப்ளிஃபையர் தாராளம்.

'உண்மையான' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் வாட் எழுதிய பெட்டிகள் நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்தன. அந்த எண்ணுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அது இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நான்கு மீட்டர் தூரத்துக்குப் போய்வர ஏறக்குறைய 0.1 ஓம் தடைதான். அது காதுக்கு எட்டாது.

வரைபடத்தைப் படிப்பது

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தயாரிப்பாளர் பெட்டியில் "45 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று எழுதியிருப்பார். அதோடு "±3 டெசிபல்" என்பது போன்ற ஒரு வரம்பு இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 45 ஹெர்ட்ஸில் ஒலி பத்து டெசிபல் விழுந்து கிடந்தாலும் "45 வரை வருகிறது" என்று எழுதலாம். எனவே தயாரிப்பாளரை விட்டுவிட்டு வெளியாள் அளந்ததைத் தேடுங்கள். ஸ்பீக்கரின் மாடல் பெயரோடு 'ஸ்பினோராமா' என்று சேர்த்துத் தேடினால் பல மாடல்களுக்கு வரைபடம் கிடைத்துவிடும். சிடிஏ-2034 என்ற தரநிலைப்படி வரையப்படுவது அது. ஸ்பீக்கரைக் கிடைவாக்கில் ஒரு சுற்று, நெடுக்குவாக்கில் ஒரு சுற்று, பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 70 இடங்களில் அளந்து, அவற்றைச் சில கோடுகளாகச் சுருக்கித் தருகிறார்கள்.

வரைபடத்தில் இடமிருந்து வலமாகச் சுருதி (ஹெர்ட்ஸ்) கூடும், மேல்நோக்கிச் சத்தம் (டெசிபல்) கூடும். மேலே இருக்கும் கோடு, நேராக முன்னால் வரும் ஒலி. 200 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை அது எவ்வளவு தட்டையாகப் போகிறது என்று பாருங்கள். இந்த விலையில் மேலும் கீழும் மூன்று டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. எங்கே மேடு இருக்கிறது என்பதைப் பொறுத்து என்ன கேட்கும் என்று ஊகிக்கலாம். 100 ஹெர்ட்ஸை ஒட்டி மேடு இருந்தால் சின்னப் பெட்டிக்குப் பெரிய பெட்டி வேடம் போட்டிருக்கிறார்கள். ஆண் குரல் நெஞ்சுக்குள் முழங்குவது போலாகும். 2,000 முதல் 4,000 வரை மேடு இருந்தால் அந்த ஸ்பீக்கரைத் தவிர்ப்பேன். காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. நாகஸ்வரமும் உச்ச ஸ்தாயிப் பெண் குரலும் குத்த ஆரம்பித்துவிடும். 6,000க்கு மேலே தூக்கியிருந்தால் முதல் நாள் "ஆகா, எவ்வளவு தெளிவு!" என்று தோன்றும். ஒரு வாரத்தில் பாடகரின் ஒவ்வொரு 'ஸ'வும் சீறும்.

வரைபடத்தின் அளவுகோலையும் பாருங்கள். செங்குத்தாக ஒரு கட்டம் 20 டெசிபல் என்று போட்டால் கரடுமுரடான ஸ்பீக்கரும் நூல் பிடித்த மாதிரி தெரியும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் வரைந்தவற்றையே ஒப்பிடுங்கள்.

அடுத்து பக்கவாட்டு ஒலி. புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரை இல்லாத ஜன்னல் என்று இருக்கும் அறையில், ஸ்பீக்கரிலிருந்து பக்கவாட்டில் போன ஒலி சுவரில் பட்டுத் தெறித்து, நேராக வந்த ஒலியோடு கலந்துதான் காதை அடைகிறது. ஆறரை அங்குல வூஃபரின் அகலம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் அதே 17 சென்டிமீட்டர்தான். அந்தச் சுருதியில் வூஃபர் ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பாமல் முன்னால் மட்டும் வீசத் தொடங்குகிறது. அதற்குச் சற்று மேலே வேலையை எடுத்துக்கொள்ளும் ஒரு அங்குல ட்வீட்டரோ எல்லாப் பக்கமும் பரப்புகிறது. இந்தக் கைமாற்றத்தில் பக்கவாட்டுக் கோட்டில் ஒரு பள்ளமும் உடனே ஒரு மேடும் தெரியும். நேர்க்கோடு அழகாக இருந்தும் வீட்டில் குரல் கூசுவதற்கு இதுவே காரணமாகிறது. ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற கிண்ணம் போல் குழித்திருந்தால் அது பெரும்பாலும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. ட்வீட்டரின் பரவலைக் குறுக்கி வூஃபரோடு ஒத்துப்போக வைக்கத்தான். மேற்கோடு தட்டையாகப் போக, பக்கவாட்டு ஒலிக்கான கீழ்க்கோடுகள் திடீர் மேடு பள்ளம் இல்லாமல் ட்ரெபிள் பக்கம் போகப்போக மெல்ல இறங்கினால் அந்த ஸ்பீக்கரைத் தயங்காமல் பட்டியலில் வையுங்கள்.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது? "இனிமையான", "உயிரோட்டமுள்ள" என்ற வார்த்தைகளைக் கடந்து போங்கள். எந்த அறையில், எவ்வளவு தூரத்தில், சுவரிலிருந்து எத்தனை அடியில் வைத்துக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். வாங்கி ஓராண்டு கழித்து எழுதுபவர்களின் குறைகள் மதிப்புமிக்கவை: பவர் சப்ளை போயிற்று, ஒரு பக்கம் கரகரக்கிறது, சர்வீஸுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆயிற்று. ஒரே குறையைப் பலர் சொன்னால் நம்பலாம்.

ஆர்டர் போடும் முன்

வூஃபரின் விளிம்பில் ஓடும் வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் இதை இரண்டு முறை பாருங்கள், 110 வோல்ட் மாடல் வந்துவிடக் கூடாது. விற்பவர் இந்தியாவில் வாரன்டி தருகிறாரா, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

'ரிட்டர்ன்' வேறு, 'ரீப்ளேஸ்மென்ட்' வேறு. ஒலி பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப முடிகிறதா, உடைந்திருந்தால் மாற்றித் தருவது மட்டும்தானா என்பதை விற்பவரின் பக்கத்தில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கேட்காமல் வாங்குபவர் இந்த வசதிக்காக ஐந்நூறு, ஆயிரம் கூடக் கொடுக்கலாம்.

ஐந்து துண்டு ஹோம் தியேட்டர் செட்டை அதே விலைக்குக் காட்டினால் ஆசைப்பட வேண்டாம். பாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு நல்ல பெட்டிகள், ஐந்து மெலிந்த பெட்டிகளைவிட எப்போதும் மேல்.

பெட்டி வந்த பிறகு

பிரிப்பதை வீடியோ எடுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் திருப்பும் கெடு முடியும்வரை எறிய வேண்டாம்.

வைக்கும் இடத்தில்தான் பாதிப் பணம் வீணாவதோ காப்பாற்றப்படுவதோ நடக்கிறது. நம் வீடுகளில் ஸ்பீக்கர் என்றால் பீரோ மேலே அல்லது லாஃப்டில். அங்கே வைத்தால் ட்வீட்டர் தலைக்கு மேலே எங்கேயோ பேசும், கூரையும் மூலையும் பேஸை ஊதிப் பெருக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு அடி விழும்போதெல்லாம் பீரோவின் ஸ்டீல் கதவு கூடச் சேர்ந்து 'ங்ங்' என்று அதிரும். கேட்பவர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார். ட்வீட்டர் உங்கள் காது மட்டத்தில் இருக்கட்டும். ஒரு ஸ்டூலோ உறுதியான மரப் பெட்டியோ போதும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள தூரமும் அவற்றிலிருந்து நீங்கள் உட்காரும் தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். இரண்டுக்கும் பக்கச் சுவர் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் அளவாவது தள்ளி வையுங்கள். தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. இந்த இரண்டும் செய்யும் மாற்றத்தை ஐயாயிரம் ரூபாய் கூடப் போட்டு வாங்கும் அடுத்த மாடல் செய்யாது.

முதல் நாளே செய்ய வேண்டிய சோதனைகள்: செய்தி வாசிப்பது போன்ற ஒற்றைக் குரலைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நட்டநடுவில், காற்றிலிருந்து வருவது போல் இருக்க வேண்டும். இடம் சொல்ல முடியாமல் சிதறி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் வயர் மாறியிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் குறை ஸ்பீக்கரில், மாறாவிட்டால் அறையிலோ பாட்டைத் தரும் கருவியிலோ. பிறகு யூடியூபில் கிடைக்கும் 40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒற்றை ஒலி ஏறிக்கொண்டே போகும் 'ஸ்வீப்' ஒன்றை மிதமான சத்தத்தில், ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓட விடுங்கள். எங்காவது கரகரப்போ கிரீச்சொலியோ வந்தால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லிவிட வேண்டாம். ஜன்னல் கம்பி, ஷோகேஸ் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் இவற்றைக் கையால் அழுத்திப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

"இருநூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த நேரத்தில் மாறுவது பெரும்பாலும் உங்கள் காதின் பழக்கம்தான். அதற்குள் திருப்பும் கெடுவும் முடிந்திருக்கும். உங்களுக்கு மனப்பாடமான பத்துப் பாடல்களைத் தினமும் கேளுங்கள். அரை மணி நேரத்தில் காது களைத்துச் சத்தத்தைக் குறைக்கத் தோன்றுகிறதா, இன்னும் ஒரு பாட்டு போடத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். களைப்பு மூன்று நாளும் தொடர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குறை பேஸில் மட்டும் இருந்தால் திருப்ப வேண்டியதில்லை. ஒரே ஒரு சுரம் மட்டும் அறை முழுக்க முழங்கினால் அது முன்பு சொன்ன 47, 56 ஹெர்ட்ஸ் விவகாரம்தான். நாற்காலியை ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள், பாதி தீர்ந்துவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கேட்பவர்கள் 'ஈக்வலைசர் ஏபிஓ' என்ற இலவச மென்பொருளை நிறுவி, முழங்கும் அந்த ஒரு சுருதியை மட்டும் ஐந்தாறு டெசிபல் இறக்கலாம். பள்ளமாக இருக்கும் இடத்தைத் தூக்கப் போகாதீர்கள். அறை விழுங்கும் சுருதியை எவ்வளவு தூக்கினாலும் அது விழுங்கிக்கொண்டே இருக்கும், வூஃபர்தான் திணறும்.